சரக்கு மட்டும் போகட்டும்

மறையூரிலிருந்து மூணாறுக்கு ஏறும் சாலையோரம், ஒரு நீலத் தார்ப்பாயின் கீழ் நான் சில நாட்கள் உத்தியோகம் பார்த்தேன். சரக்கு வண்டிகளைப் போலீஸ்காரர் நிறுத்துவார், நான் கேள்வி கேட்பேன். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், என்ன ஏற்றியிருக்கிறீர்கள்? கடைசியாக ஒரு கேள்வி: வருங்காலத்தில் இந்த மலையில் சரக்கு எப்படிப் போய்வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அரசாங்கம் பெரிய திட்டம் ஒன்று போடுகிறதாம். அதற்கு முன்னால் வண்டி ஓட்டுகிறவர்களையும் கேட்டுவிடலாம் என்று யாருக்கோ நல்ல புத்தி தோன்றியிருக்கிறது. தமிழும் மலையாளமும் தெரிந்த ஆள் வேண்டும் என்றதும் எங்கள் மகளிர் சங்கத்தில் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். சும்மாவே நாள் முழுக்கப் பேசுகிறவள், சம்பளம் வாங்கிக்கொண்டு பேசட்டுமே என்று சிரித்தார்கள்.

பயிற்சி கொடுக்கப் பாலக்காட்டிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்திருந்தார். அவர் சொன்னதில் ஒன்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது, எவ்வளவு நேரமானாலும் குறுக்கே பேசக் கூடாது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், பேச்சு அதற்கும் முன்னால் நிற்கும். எங்கள் வீட்டில் கேள்வியும் நான்தான், பாதி நேரம் பதிலும் நான்தான்.

காட்டுவதற்கு இரண்டு படங்கள் கொடுத்தார். ஒன்றில் மலையைச் சுற்றி அகலமான சாலை, பெரிய பெரிய லாரிகள். இன்னொன்றில் தேயிலைக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் பெட்டிகள். சரக்குக்கு மட்டுமான ரோப்வே. அதில் மனிதர் ஒருவரையும் காணோம். எனக்கு முதல் படம்தான் பிடித்தது. அந்த லாரிகளில் ஒன்று எங்களுடையது என்று பார்த்தவுடனேயே முடிவு செய்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மறையூர் வெல்லத்தைப் பிக்கப்பில் ஏற்றி மூணாறு வழியாக அடிமாலிக்குக் கொண்டு போகிறவர். அந்த மாதக் கடைசியில் உடுமலைக்குப் போய் ஒரு பெரிய லாரியை விலை பேசி முடிப்பதாக இருந்தோம். இருந்தோம் என்ன, நான் இருந்தேன். அவர் "பார்க்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம். அப்படித்தான் நான் வைத்திருந்தேன்.

ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் வேறு வேலை இல்லை. கீழே கரும்புப்பால் காயும் வாசனை மேலே வரை வரும். மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி இறங்கி, தேயிலையும் சாலையும் ஒன்றாகிவிடும். நான் உட்கார்ந்த இடத்திலேயே சாலையை அகலமாக்கினேன். பாறைகளை ஓரமாக நகர்த்தினேன், மரங்களை மட்டும் விட்டுவிட்டேன். எங்கள் லாரிக்குப் பச்சை அடித்தேன், பிறகு மனம் மாறி நீலம் அடித்தேன். மஞ்சுக்குள்ளிருந்து முதலில் இரண்டு விளக்குகள் வரும், அப்புறம்தான் வண்டி வரும். ஒவ்வொரு முறையும் அது நாளைக்கு வர வேண்டிய வண்டி, வழி தவறி இன்றே வந்துவிட்டது என்று தோன்றும்.

கனவைக் கலைக்க டிரைவர்கள் இருந்தார்கள். முட்டைக்கோஸ் ஏற்றி வந்தவர், ரோப்வே வந்தால் டிரைவருக்கு ஜன்னலோரம் இடம் உண்டா என்று கேட்டார். காந்தளூர்ப் பூண்டு ஏற்றி வந்தவர், வருங்காலம் கிடக்கட்டும், மாமனார் வீட்டு வாசலில் இருக்கும் வேகத்தடையை எடுக்க முடியுமா என்றார். எல்லாவற்றையும் பதிந்துகொண்டேன்.

ஒரு மத்தியானம் எங்கள் பிக்கப்பே வந்து நின்றது. அன்றைக்கு வந்திருந்த போலீஸ்காரர் புதியவர், அவருக்கு ஆள் தெரியாது. என் வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கி, "மேடம், லைசென்ஸ் எடுக்கணுமா?" என்றார்.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று விறைப்பாகவே கேட்டேன். உங்கள் வீட்டிலிருந்துதான் என்றார். போலீஸ்காரர் திரும்பி நின்று சிரித்தார். என்ன சரக்கு என்றதற்கு வெல்லம், ருசி பார்க்கிறீர்களா என்றார். கடைசிக் கேள்வியைப் படித்து, இரண்டு படங்களையும் நீட்டினேன். எதைக் காட்டுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர் என்ஜினை அணைத்தார். படங்களைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடியும் படங்களைப் பார்த்தார். வீடாக இருந்தால் அதற்குள் நானே பதில் சொல்லி, லாரிக்குப் பூஜையும் போட்டிருப்பேன். இன்ஜினியரம்மா சொன்னதை நினைத்து வாயை இறுக்கிக்கொண்டேன். மஞ்சு வண்டிக்கும் எனக்கும் நடுவில் வந்து, நின்று, போயிற்று.

"இது." விரல் ரோப்வேயின் மேல் இருந்தது. "சரக்கு மட்டும் போகட்டும். மனுசன் போக வேணாம்."

காரணமும் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டேன்.

"மண்ணிடிஞ்ச அன்னைக்கு எனக்கு முன்னாடி போன வண்டி, பாத்துக்கிட்டு இருக்கப்பவே காணாமப் போச்சு. இப்பவும் அந்த வளைவுல மஞ்சு எறங்குனா கை நடுங்குது. சின்ன வண்டிக்கே இப்படி, பெரிய லாரிய எடுத்து நான் என்ன பண்ணுவேன்?"

அந்த மழைநாள் எனக்கு ஞாபகம் இருந்தது. ரோட்டை அடைத்துவிட்டார்கள், அதனால் நேரமாயிற்று என்று மட்டும்தான் வீட்டில் சொன்னார்.

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். "எழுதிக்கிட்டீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார். எனக்கு அழுகை வந்தது. பெண்டாட்டியிடம் சொல்லாததைச் சர்வேக்காரியிடம் சொல்லிவிட்டுப் போகிறாரே என்று கோபமும் வந்தது. அடுத்த வண்டிக்காரர், கண்ணில் தூசியா மேடம் என்றார். ஆமாம் என்றேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, லாரி வேண்டாம் என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் காரணம் சொல்லப் போகவில்லை, பயிற்சி எடுத்தவள் அல்லவா, சும்மா இருந்தேன். சோற்றைப் பிசைந்தபடி வெகுநேரம் கழித்து, "ஞாயித்துக்கெழம ஒனக்கு லீவுதான? கூட வர்றியா?" என்று கேட்டார்.

போனேன். தார்ப்பாய் இருந்த இடம் காலியாகப் பின்னால் போயிற்று. மூணாறு தாண்டி இறங்கும்போது மஞ்சு வந்தது. எந்த வளைவு என்று அவர் சொல்லவில்லை, ஸ்டியரிங்கில் இருந்த விரல்கள் சொல்லின. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

"ஏன் சும்மா இருக்க? எதாவது பேசு" என்றார்.

பேசினேன். நம் தலைக்கு மேலே பெட்டி பெட்டியாக வெல்லம் போகிறது, நீங்களும் நானும் கீழே ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறோம், அதோ அந்த நீலப் பெட்டி நம்முடையது என்றேன். அப்புறம், அப்புறம் என்று அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார். வளைவு தாண்டிய பிறகும் நான் நிறுத்தவில்லை.