மாமாவின் இரட்டைக்குழலும் முத்திரை இல்லாத ரசீதும்

எங்கள் குடும்பத்தில் எனக்கு 'ரெண்டு பக்கம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. சமூகப்பணியில் முதுகலை முடித்த நாளிலிருந்து எந்த விஷயத்தைக் கேட்டாலும் "ஒரு பக்கம் பார்த்தா" என்று தொடங்கி "இன்னொரு பக்கம் பார்த்தா" என்று நான் முடிப்பதால் வந்த பெயர். இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்பதற்குக்கூட என்னிடம் ஒரு வரியில் பதில் கிடைக்காது என்று அக்கா சொல்வாள். ஆனாலும் தன் வீட்டுப் பிரச்சினையை அவள் என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

அக்காவுக்கு அத்தை மகனையே கட்டிக்கொடுத்திருந்தார்கள். மச்சானுக்கு அமெரிக்காவில் கணினி வேலை. அவர்கள் தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்த மறுவாரம், மச்சான் கடைக்குப் போய் ஒரு துப்பாக்கி வாங்கி வந்துவிட்டார். செமி ஆட்டோமேட்டிக் ரகம். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா போகும். அடுத்தது தானாகவே வந்து நிற்கும். முப்பது தோட்டாக்கள் தீரும்வரை விரலைத் தவிர வேறு எதற்கும் வேலை இல்லை. அது படுக்கையறை அலமாரியில், புடவைகளுக்கு மேல் தட்டில் இருந்தது. பள்ளி விடுமுறைக்கு ஐந்து வயது மகளோடு பெரம்பலூருக்கு வந்த அக்கா, மூன்றாம் நாள் காலை வெங்காயம் உரித்துக்கொண்டே அறிவித்தாள்.

"அந்த வூட்ல அது இருக்கற வரைக்கும் நான் புள்ளைய கூட்டிக்கிட்டு அங்க போகமாட்டேன்."

திரும்பிப் போகும் விமானத்துக்கு அப்போது ஆறு வாரம் இருந்தது. அம்மா வெங்காயத்தைப் பார்த்தாள், அக்காவின் கண்களைப் பார்த்தாள், எதனால் வந்த கண்ணீர் என்று கண்டுபிடிக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் வசிக்கும் மாநிலத்தின் சட்டசபையில் அந்தச் சமயம் ஒரு மசோதா விவாதத்தில் இருந்தது. இந்த வகைத் துப்பாக்கிகளைப் புதிதாக விற்கக் கூடாது. ஒரே நேரத்தில் நிரப்பக்கூடிய தோட்டாக்களுக்கு உச்சவரம்பு வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்கள் பதிவு செய்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது நியாயமான மசோதா. மச்சானுக்கு அது அக்கிரமம். அக்காவுக்கோ அதனால் எந்தப் பயனும் இல்லை. ஏனென்றால் நாளை விற்கப்படப்போகும் துப்பாக்கியைத்தான் அது தடுக்கும், அலமாரியில் இருப்பதை அல்ல.

மச்சானிடம் ஓர் அசைக்க முடியாத வாதம் இருந்தது. ஒவ்வொரு அழைப்பிலும் அதையே எடுத்து வைப்பார்: "எங்கப்பா முப்பது வருசமா வூட்ல துப்பாக்கி வச்சிருக்காரு. நான் வளரல? எனக்கு என்ன ஆயிடுச்சு?"

அது உண்மைதான். அத்தை வீடு அரியலூர் சாலையில், எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரப் பஸ் பயணம். சிமெண்ட் லாரிகள் வழிவிட்டால். அங்கே மாமாவிடம், மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காப்பதற்கென உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அவருடைய அப்பா காலத்தது. பழைய வேட்டியில் சுற்றி, கூடத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தவர், பிறகு அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். வருகிறவர்களிடம் பரணைக் காட்டி, "மேல படுத்திருக்கான் பாருங்க, காவக்காரன்" என்பார்.

உண்மையில் சோளத்தைக் காத்தவை அத்தையின் பழைய சேலைகள். சோளக்காட்டைச் சுற்றிக் குச்சி நட்டு, பச்சையும் ஊதாவுமாகச் சேலைகளைக் கட்டி வைத்திருந்தாள். காற்றில் அவை படபடப்பதைப் பார்த்தால் பன்றிகள் மனித நடமாட்டம் என்று விலகிவிடும்.

"பன்னிய வெரட்டுறது என் சேலை. பேரு மட்டும் இவரு துப்பாக்கிக்கு" என்பாள் அத்தை. "லைசென்ஸ எனக்கு மாத்திக் குடுக்கச் சொல்லணும்."

பொறுப்பு என்னிடம் வந்ததால் நான் மச்சானுக்குக் கடிதம் எழுதினேன். பதினொரு பக்கம். தற்காப்பு உரிமை, பயத்தின் நியாயம், வீட்டில் இருக்கும் ஆயுதம் வீட்டாரையே காயப்படுத்தும் அபாயம் என்று எல்லாவற்றையும் அலசினேன். தடையின் மறுவிளைவையும் விடவில்லை: நம்மூரில் துப்பாக்கிக்கு உரிமம் கிடைக்காதவர்கள் பன்றிக்குத் தீனியில் மறைத்து வெடிகாய் வைத்து, அதை மாடு கடித்து வாய் சிதறுவது உண்டே. இரண்டு நாளில் பதில் வந்தது.

"கொழுந்தியா, முழுசாப் படிச்சேன். ரொம்ப நல்லா இருக்கு. வச்சுக்கச் சொல்றியா, வேணாங்கறியா?"

இதற்கிடையில் அக்கா மகள் அத்தை வீட்டில் எல்லோருக்கும் ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவளுடைய பள்ளியில் மாதம் ஒருமுறை நடத்துவார்களாம். விளக்கை அணைக்க வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், கட்டிலுக்கோ மேசைக்கோ அடியில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டும், மூச்சுவிடும் சத்தம்கூட வரக் கூடாது. அவ்வளவுதான். ஓடுவதும் இல்லை, பிடிப்பதும் இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் சலித்துப்போய் வெளியே வந்துவிட்டார்கள்.

"இது என்னா விளையாட்டு? யாரு ஜெயிச்சா?" என்றது ஒன்று.

"யாரும் ஜெயிக்கமாட்டாங்க" என்றாள் அக்கா மகள். "துப்பாக்கி வச்சிருக்கற கெட்டவன் போற வரைக்கும் பேசாம இருக்கணும். ஒண்ணுக்கு வந்தாலும் போகக் கூடாது."

அத்தை சிரித்துக்கொண்டே அவளுக்கு முறுக்கு எடுக்கப் போனாள். அக்கா சிரிக்கவில்லை.

விமானத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தது. தேர்தல் என்றால் உரிமத் துப்பாக்கி வைத்திருப்போர் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு திரும்பப் பெற வேண்டும். யாரும் இதை அக்கிரமம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாமாவுக்கோ அது திருவிழா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் வேட்டி சுற்றிய நீளமான மூட்டை. இந்த நடைமுறையை நேரில் பார்த்தால் மச்சானுக்கான இரண்டாவது கடிதத்துக்கு உதவும் என்று நானும் கிளம்பினேன். மாமாவுக்கு அதில் விருப்பமில்லை.

"வெயிலு மருமவளே. நீ வூட்ல இரு."

"பரவால்ல மாமா."

"ஸ்டேசனுக்கெல்லாம் பொம்பளப் புள்ளைங்க..."

"அங்க பெண் காவலர்களே இருக்காங்க மாமா."

பஸ்ஸில் நடத்துநர் மூட்டையைத் தடவிப் பார்த்து, "என்னங்க இது, கொடையா?" என்றார். "துப்பாக்கி" என்றார் மாமா, நாலு சீட்டுக்குக் கேட்கும்படி. நடத்துநர் லக்கேஜ் சீட்டுக் கேட்க வாயெடுத்தவர், கேட்காமலே முன்னால் போய்விட்டார்.

காவல் நிலையத்தில் என்னைப் புங்கமரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார். ஜன்னல் திறந்திருந்தது. நிலையத்துப் பதிவேடுகளை எழுதும் ஏட்டை எல்லோரும் ரைட்டர் என்பார்கள். அவருடைய குரல் தெருவரை கேட்டது.

"வாங்கய்யா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

மாமா ஏதோ முணுமுணுத்தார்.

"என்னது, மெதுவாப் பேசறதா? ரெண்டு வருசமா உங்க துப்பாக்கிக்கு நாங்க எண்ணெ போட்டுக்கிட்டு இருக்கோம். போன தேர்தல் முடிஞ்ச மறுநாளே அத்தனை பேரும் வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான்... இருங்க. உங்களுது இங்க இருக்கு. அப்ப கையில என்னா வச்சிருக்கீங்க?"

நாற்காலி நகரும் சத்தம். "இன்னொண்ணா? அதுக்கு லைசென்ஸ் எங்க?"

நான் உள்ளே ஓடினேன். இரண்டு காவலர்கள் எழுந்து நின்றிருந்தார்கள். ரைட்டர் ஒவ்வொரு சுற்றாக வேட்டியைப் பிரித்தார். கடைசிச் சுற்றிலிருந்து மேசைமேல் உருண்டு விழுந்தது சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் கருப்புப் பிளாஸ்டிக் குழாய். இரண்டு துண்டு. இரட்டைக்குழல் அல்லவா, அந்த நேர்மையை மாமா விடவில்லை.

ரைட்டர் பேனாவை எடுத்தார். "ஐயா, இத நான் எந்த ரிஜிஸ்டர்ல எழுதறது?"

எதிரிலிருந்த டீக்கடையில் மாமா முதல் டம்ளரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். இரண்டாவது வந்த பிறகு, சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

"உங்கக்கா போன தடவ ஒரு கல்யாணத்துக்கு வந்தாள்ல. அப்ப பாப்பாவுக்கு மூணு வயசு. ஒரு நாளு நான் வர்றேன், கட்டிலுக்கு அடியிலேர்ந்து அத இழுத்துப் போட்டு, குதிர மாதிரி மேல ஒக்காந்துக்கிட்டு இருக்கா. சும்மாதானேன்னு தூக்கி வச்சுட்டு, அப்புறம் எதுக்கும் பாப்பமேன்னு தொறந்தேன். ஒரு கொழல்ல தோட்டா இருந்துச்சு."

"எப்படி மாமா?"

"பன்னிக்குப் போட்டப்ப ஒண்ணுதான் சுட்டேன். இன்னொண்ண எடுக்கணும்னு நெனச்சேன். மழ வந்துடுச்சு, மறந்துட்டேன்." டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "அந்த வாரமே தேர்தல் வந்துச்சு. கொண்டாந்து குடுத்தேன். அதுக்கப்புறம் வாங்கணும்னு தோணல."

முப்பது வருடமாக இரண்டே தோட்டா போடும் துப்பாக்கியைக் கையாண்ட, நிதானமான மனிதர். இரண்டில் ஒன்றை மறந்திருந்தார். அந்த ஒரு வரிக்கு முன்னால் என் பதினொரு பக்கமும் சும்மா.

"இத மச்சான்கிட்ட சொல்லுங்க மாமா."

"சொல்லி? அப்பன் பயந்துட்டான்னு தெரியணுமா?"

"ஒரு பக்கம் பார்த்தா..."

"ஒரு பக்கமும் பாக்க வேணாம். டீயக் குடி. உங்கத்தைக்குத் தெரிஞ்சா என்னைய பரண்மேல ஏத்திடுவா."

நான் யாரிடமும் சொல்லவில்லை. அது அவருடைய விஷயம் என்று ஒரு மனம் சொன்னது. அக்காவின் ஆறு வாரம் இரண்டாகச் சுருங்கிவிட்டதை இன்னொரு மனம் எண்ணிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை வீட்டுக் கூடத்தில் வழக்கமான வீடியோ அழைப்பு. அங்கே விடிந்திருந்தது. மச்சான் காபியோடு வழக்கமான இடத்துக்கு வந்தார்: "முப்பது வருசமா எங்கப்பா..." அந்தச் சமயத்தில் அக்கா மகள் விளக்கை அணைத்துவிட்டாள். மாமாவின் விரலைப் பிடித்துக் கட்டில் பக்கம் இழுத்தாள்.

"தாத்தா, அடியில வாங்க. பேசக் கூடாது."

மாமா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கட்டிலுக்கு அடியில் போனார். துப்பாக்கி கிடந்த அதே இடம். அவள் தன் சிறிய கையால் அவருடைய வாயைப் பொத்தினாள். ஐந்து நிமிடம் இருக்கும். வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டை முழுக்கத் தூசி. நேராக வந்து அக்காவின் கையிலிருந்த போனை வாங்கினார்.

"தம்பி. என் பேர எடுக்காத. என்கிட்ட துப்பாக்கி இல்ல. ரெண்டு வருசமா இல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குதிரை, மழை, தோட்டா, குழாய் எதையும் விடவில்லை. மச்சானின் முகம் அசையாமல் நின்றது.

"நெட்டு போயிடுச்சா?" என்றாள் அத்தை.

போகவில்லை.

அத்தை ஸ்டூல் போட்டு ஏறிப் பரணைத் துழாவி, காவல் நிலையத்திலிருந்து மாமா திரும்பக் கொண்டுவந்து மூலையில் ஒளித்திருந்த மூட்டையை எடுத்துப் பிரித்தாள். "ஏங்க, ரெண்டு ஆயுத பூஜைக்கு இந்தப் பைப்புக்கா நான் சந்தனப் பொட்டு வச்சேன்?" என்று கேட்டவள், கோபத்தைத் தொடர நினைத்து, முடியாமல் பேத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மூன்று நாட்கள் மச்சானிடமிருந்து பேச்சில்லை. நான்காம் நாள் எனக்கு மட்டும் ஒரு செய்தி: கடையிலேயே திருப்பி விற்றுவிடலாமா? 'அதை அடுத்து வாங்கப்போறவர் வூட்லயும் புள்ளைங்க இருக்கும் மச்சான்' என்று எழுதினேன். ஒரு பக்கம் மட்டுமே பார்த்து எழுதிய என் முதல் வரி அதுவாக இருக்கலாம். மறுநாள் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்தது. அவர்கள் ஊர்க் காவல் நிலையத்தில் துப்பாக்கியை அழிப்பதற்காக ஒப்படைத்ததற்கான ரசீது.

மசோதாவைப் பற்றி அவர் மனம் மாறவில்லை. "கொழுந்தியா, நான் குடுத்தது என் பொண்ணுக்காக. சட்டத்துக்காக இல்ல. நல்லவன் தானாவே குடுத்துடுவான்" என்றார். எல்லா வீட்டிலும் ஓர் அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து வந்து உண்மை பேசுவார் என்று காத்திருக்க முடியாது, அதற்குத்தான் சட்டம் என்றேன். விவாதம் இன்னும் முடியவில்லை. அவர்கள் சட்டசபையிலும் முடியவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமா அந்த ரசீதுப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கினார், திருப்பினார், மறுபடி பெரிதாக்கினார். அவருக்கு ரசீது என்றால் என்ன என்று தெரியும்.

"முத்திரை எங்க? ரைட்டர் கையெழுத்தும் இல்ல. மிஷின்ல அடிச்ச காயிதம். இதெல்லாம் செல்லாது."

அக்கா தரையில் உட்கார்ந்து மகளின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்.

"நான் போனதும் முத்திரை வாங்கி அனுப்பச் சொல்றேன் மாமா."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆறு வாரத்தில் அக்கா வாயிலிருந்து 'போனதும்' என்ற சொல்லை அவள் கேட்டது அப்போதுதான். பரணிலிருந்து பெட்டியை இறக்க ஸ்டூலை எடுத்து வந்தாள்.