ஆ காட்டு

எழுத்துப் பிழை நிறைய இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதன் பிறகு மசாலா டப்பாக்களில் மல்லி, சீரகம் என்று எழுதி ஒட்டியதைத் தவிர பெரிதாக எதுவும் எழுதியதில்லை. மறதியும் கூடிவிட்டது. வாய் திறந்து பேசுவதென்றால் எனக்குக் கூச்சம், அதனால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். கோட்டையூரில் இருந்தோம். என் மகளுக்கு ஆறோ ஏழோ வயது. பேச்சு வரவில்லை. பளிச்சென்ற வெளிச்சம், பாத்திரம் விழும் சத்தம், யாராவது திடீரென்று தொடுவது, எதுவுமே அவளுக்கு ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவாள். இப்போது இதற்கெல்லாம் பெயர் இருக்கிறதாம். அப்போது மந்தம் என்றார்கள். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரே பேச்சுதான் இருந்தது. "ஆ காட்டு" என்பேன். எங்கிருந்தாலும் ஓடிவந்து வாயைத் திறப்பாள். பருப்புச் சோற்றை உருட்டி வைப்பேன்.

கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியபோது காரைக்குடியில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். என் நாத்தனாரும் வந்தாள். புருஷனை இழந்து எங்களோடு இருந்தவள், வாயாடி. அங்கே தையல் மிஷினைப் போலக் காலால் மிதிக்கும் கருவி ஒன்று யாரோ ஒருவர் வாயில் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டதுமே மகள் நடுங்க ஆரம்பித்துவிட்டாள். நாற்காலியில் உட்காரவைத்து, முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்பினார்கள். கம்பவுண்டர் தலையைப் பிடித்தார். அவள் பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள்.

"தாய் சொன்னாக் கேக்கும்ல? நீங்க சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர்.

"ஆ காட்டு தாயி" என்றேன்.

திறந்தாள். சோறு வரும் என்று நினைத்திருப்பாள். குறடு போனது. பல் பாதியில் முறிந்தது. அவள் போட்ட கத்தலில் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் சோற்றைக் குழையப் பிசைந்து எடுத்துப்போய் அதையே சொன்னேன். என் கையைப் பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். நாத்தனார் ஊட்டினால் வாங்கினாள்.

"ரெண்டு நாள்ல மறந்துரும் மதினி. எங்கண்ணன் பண்றதையெல்லாம் நீங்க மறக்கலையாக்கும்?" என்று சிரிப்புக் காட்டினாள் நாத்தனார்.

மகள் மறக்கவில்லை. உள்ளே நின்ற வேர் சீழ் பிடித்து, காய்ச்சல் வந்து வந்து போனது. வேறொரு டாக்டரைச் சொன்னார்கள். காரைக்குடியில் ஒரு பழைய பெரிய வீட்டின் முன்பக்கத்தை வாடகைக்கு எடுத்து வைத்தியம் பார்த்தார். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பு பூசிய வழவழப்பான சுவர். மகள் நேரே போய் வீங்கிய கன்னத்தை அதில் ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் இழுக்கப் போனேன்.

"இழுக்காதீக. வீக்கத்துக்குச் சில்லுனு இருக்கு போல. அங்குட்டே நிக்கட்டும்" என்றார். பிறகு, அவளுக்கு எதெது ஆகாது என்று கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நான் சொல்லாததை நாத்தனார் சொன்னாள்.

கூட்டமில்லாத நாளாகப் பார்த்து மறுபடி வரச் சொன்னார். போனபோது ஜன்னல்களைச் சாத்தியிருந்தார். மின்விசிறி ஓடவில்லை. வெள்ளைக் கோட்டு இல்லை, வேட்டி சட்டைதான். சாமான்களெல்லாம் ஒன்றோடொன்று உரசாமல் துண்டில் சுற்றி இருந்தன. சின்னக் கண்ணாடியை வெந்நீரில் போட்டு எடுத்து, சூடு ஆறியதும் அவள் கையிலேயே கொடுத்தார். சுவரோரம் பாய் விரித்திருந்தது.

"ஏன் டாக்டரு, பாயில உக்காந்து பல்லுப் புடுங்கவா பட்டணத்துல போய்ப் படிச்சீக?" என்றாள் நாத்தனார்.

"மரத்துல ஏறுனாத்தான் இது வாயத் திறக்கும்னா, ஏறத்தானே வேணும்" என்றார்.

அவள் தானாகவே கண்ணாடியை வாயில் வைத்துப் பார்த்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உதடு மடிந்துவிட்டது. நான் எழுந்தேன், திறந்தாள். டாக்டர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெதுவாக வந்து சொன்னார்: "கோவிச்சுக்காதீகம்மா. வெளிச்சத்த எடுத்தாச்சு, சத்தத்த எடுத்தாச்சு. நீங்களும் கொஞ்சம் வெளிய இருக்கீகளா?"

வாசலில் போய் நின்றேன். உள்ளே ஊசி போடுவார், இப்போது கத்துவாள், இப்போது கத்துவாள் என்று காதை வைத்துக்கொண்டிருந்தேன். டவுன் பஸ் ஒன்று போனது. அதற்குப் பிறகும் உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை.

நாத்தனார் பஞ்சில் அந்த வேரை வைத்துக்கொண்டு வந்தாள். "அழுகவே இல்ல மதினி! என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, அது பாட்டுக்கு வாயத் தொறந்துக்கிட்டு இருக்கு."

சிரித்தேன். முகம் கழுவ வேண்டும் என்று குழாயைத் தேடிப் போனேன்.

காய்ச்சல் நின்றது, கன்னம் வடிந்தது. வளர்ந்தாள். அந்தச் சொல்லை நான் மறுபடி சொல்லவில்லை. சமைப்பது நான், ஊட்டுவது நாத்தனார் என்று ஆகிவிட்டது. தானே எடுத்துச் சாப்பிடக் கை பழகிய பிறகும், நான் தட்டை வைத்துவிட்டு நகர்ந்தால்தான் சாப்பிடுவாள்.

எழுபதுகளில் மஞ்சள் காமாலை வந்து இறந்துபோனாள். கடைசி நாளன்று நாத்தனார் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, நான் ஒன்றும் பேசாமல் ஒரு கரண்டி கொண்டுபோனேன், மகள் வாயைத் திறந்தாள், ஒரு மடக்கு இறங்கியது என்று எனக்கு நினைவு. நடந்ததா, நானாக நினைத்து நினைத்து அப்படி ஆக்கிக்கொண்டேனா, தெரியவில்லை. நாத்தனார் அடுப்படியிலிருந்து பார்த்த மாதிரியும் இருக்கிறது. அவள் இப்போது தன் அக்கா மகன் வீட்டில் இருக்கிறாள். காதுதான் கேட்காது, நினைவு தெளிவு. எனக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் யாராவது அங்கே போனால் கேட்டுச் சரிபாருங்கள். பல் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் கேளுங்கள். அப்படி ஒன்று நடக்கவில்லை என்று அவள் சொன்னால், அந்த ஒரு மடக்கை மட்டும் இதிலிருந்து அடித்துவிடுங்கள்.