படிக்கட்டு இல்லாத எஸ்டிமேட்

தெருவில் எல்லோருக்கும் அவர் எஸ்டிமேட் சார். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். ஒரு இன்ஜினியர் ஆபீசில் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்து, ஊரார் கட்டப்போகும் வீடுகளுக்குச் செங்கல் எத்தனை, சிமெண்ட் எத்தனை மூட்டை, ஆக மொத்தம் எவ்வளவு என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தவர். அவர் போட்ட கணக்கு தப்பாது என்று பெயர். அந்தப் பெயரால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று சொன்னால் அவர் மனைவியே சிரிப்பாள்.

கணக்கை அவர் எப்போதும் மண்ணிலிருந்து மேலே எழுதிக்கொண்டு போவார். அஸ்திவாரம், சுவர், தளம், பூச்சு, தரை, கதவு. படிக்கட்டு மட்டும் தனித் தாளில், கடைசியில். சாய்வாகப் போகிற சமாசாரம், பொறுமையாகப் போட வேண்டும் என்பார். ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது அதை விட்டுவிட்டால் தொலைந்தார்கள். வீட்டுக்காரங்க மாடிக்குப் பறந்தா போவாங்க என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவார்.

இத்தனை வீடுகளுக்குக் கணக்குப் போட்டவர் குடியிருந்ததோ வாடகைக்கு எடுத்த இரண்டு அறையில். மனைவி, பதினேழு வயது மகள், அவளுக்கு இளையவன் ஒருவன். ஒரு அறையில் டிவி, இன்னொன்றில் இளையவனின் ரகளை. மகள் சமையலறையில் அரிசி டின் மேல் உட்கார்ந்து படித்தாள். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வாள். பாவம், வாய்விட்டு எதுவும் கேட்டவளில்லை. நிலம் வாங்கிய அன்று மட்டும் கேட்டாள்.

"எனக்கு ஒரு ரூம் வேணும்ப்பா. உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிற மாதிரி. சின்னதா இருந்தாலும் போதும்."

கட்டாயம் என்றார். மாடியில் ஒரே ஒரு அறை, அது அவளுக்கு என்று பிளானிலேயே போட்டாயிற்று.

அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நெஞ்சு நிறைந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கிவிட்டு நாலு பேரும் தரையில் பிளானைச் சுற்றி உட்காருவார்கள். சமையல் மேடை எவ்வளவு உயரம் வேண்டும் என்று மனைவி தன் இடுப்பில் கை வைத்துக் காட்டுவாள். இளையவன், இல்லாத நாய்க்கு ஒரு கூண்டு கேட்பான். அப்பா முறைத்தால் காலிங் பெல் போதும் என்று இறங்கி வருவான். மகள் விலைகளை வாசிக்க வாசிக்க அவர் பெருக்கிக்கொண்டே போவார். மாடி அறைக் கதவுக்கு வந்ததும் அவள் குரல் தானாக உயரும். கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கூட்டினால், பேங்க் கொடுக்கிற கடனுக்குள் அடங்கியது. நம்பாமல் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். இளையவன் குட்டிக்கரணம் அடித்தான். அந்தச் சந்தோஷத்தில், தனித் தாள் என்று ஒன்று உண்டு என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். கீழ்வீட்டுச் சுவர் எழும்பி, தளத்துக்குக் கம்பி கட்டுகிற சமயம், மேஸ்திரி அவரை ஓரமாகக் கூப்பிட்டு, படிக்குக் கம்பி எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேட்டார். அவர் தாள்களைப் புரட்டினார். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார். மேஸ்திரி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

கடனை இனிக் கூட்ட முடியாது. நகையெல்லாம் நிலத்துக்கே போயாயிற்று. மிச்சமிருக்கும் பணத்தில் அறை கட்டலாம், இல்லாவிட்டால் படி கட்டலாம், இரண்டும் ஆகாது. மேஸ்திரி ஒரு வழி சொன்னார். அறையைக் கட்டிவிடுவோம், வெளிப்பக்கம் இரும்பு ஏணி ஒன்று வைப்போம், படியைக் கையில் பணம் புரளும்போது பார்த்துக்கொள்ளலாம். மனைவி சரியென்று தலையாட்டினாள். மகள் அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"ஏணி போதும்ப்பா. நான் ஏறிக்குவேன்."

"எஸ்டிமேட் போடறவன் வீட்டுல ஏணியா? ஊரே சிரிக்கும். படி இருந்தா ரூமை எப்ப வேணா கட்டிக்கலாம்" என்றார் அவர்.

கௌரவம்தான், வேறென்ன. படி வந்தது. பத்தொன்பது படி, ஒன்றுக்கொன்று நூல் பிசகாத உயரம், வழவழவென்று கைப்பிடி. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஏறிப் போனால் வெறும் மொட்டை மாடி. அடுத்த வருஷம் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ், அதற்கப்புறம் இளையவனுக்கு, நடுவில் மனைவிக்கு ஒரு ஆபரேஷன். எப்ப வேணா என்று அவர் சொன்ன நாள் வரவே இல்லை. மகள் ஹாலில் படுத்து, ஹாலில் எழுந்து, பரீட்சை நாட்களில் மேல்படியில் உட்கார்ந்து படித்தாள். மழை தூறினால் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வருவாள். அப்போதெல்லாம் அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். பிறகு அவள் வேலை கிடைத்து வெளியூர் போனாள். அங்கேயே கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளும் ஆயிற்று. இளையவனும் படிப்பு முடிந்து வேலைக்கென்று வெளியூர் போய்விட்டான்.

ஓய்வுபெற்ற பணம் கைக்கு வந்த வாரமே அவர் பென்சிலைச் சீவினார். மாடி அறைக்கு எஸ்டிமேட். இரண்டே பேர் இருக்கிற வீட்டுக்கு இன்னொரு அறை எதற்கு என்று மனைவி கேட்கவில்லை. தெரிந்ததை அவள் கேட்கிற வழக்கமில்லை. மகளுக்குப் போன் போட்டு, பத்துக்குப் பன்னிரண்டு என்று ஆரம்பித்து, அலமாரி, ஃபேன், தரைக்கு என்ன கல் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த ரூம் யாருக்கு என்றாள்.

"உனக்குத்தாம்மா."

அந்தப் பக்கம் அவள் பிள்ளைகள் எதற்கோ சண்டை போடுவது மட்டும் கேட்டது.

"ஏணி வெச்சிருந்தாலே நான் ஏறியிருப்பேன்ப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"தெரியும்மா. தப்பு என்னோடதுதான்."

இத்தனை வருஷத்தில் தன் கணக்கில் தப்பு என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜன்னலைத் தெருப்பக்கம் வைக்கச் சொன்னாள். லீவுக்கு வந்தால் பிள்ளைகளைக் கீழே பாட்டியிடம் விட்டுவிட்டு அங்கேதான் படுப்பாளாம். அவர், தெருப்பக்கம் ஜன்னல் ஒன்று என்று எழுதினார். அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுப் பென்சிலைக் கொடுத்தார்.