லே நகரில் ஓர் எண்ணெய்க் குளியல்

திண்டுக்கல்லில் ரயில் ஏறும்போதே என் தம்பி செந்திலின் பைக்குள் நல்லெண்ணெய் பாட்டில் இருந்திருக்கிறது. கைலியில் சுற்றிச் செருகியிருக்கிறான். தெரிந்திருந்தால் ரயிலடியிலேயே பிடுங்கிப் போட்டிருப்பேன்.

நாங்கள் போனது லடாக்கிற்கு. லே நகரிலிருந்து கர்துங் லா கணவாய்க்கு நாற்பது கிலோமீட்டர், முழுக்க ஏற்றம், சைக்கிளில். அதற்காக இரண்டு வருடம் சிறுமலையின் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளிலும் மிதித்துப் பழகியவள் நான். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் செந்தில் கடைசி ஆறு மாதம் வந்து ஒட்டிக்கொண்டான். "சிறுமலைய ஏறுனவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்க்கா" என்பான். சிறுமலை ஐயாயிரம் அடி. லேயில் விமானம் இறங்கும் தரையே பத்தாயிரம் அடிக்கு மேல்.

உடம்பு உயரத்துக்குப் பழக முதல் இரண்டு நாள் அலையாமல் படுத்துக் கிடக்க வேண்டும், குளிக்கக்கூட வேண்டாம் என்றார் விடுதிக்காரர். நான் கிடந்தேன். மறுநாள் சனிக்கிழமை. கண் விழித்தால் அறை முழுக்க நல்லெண்ணெய் வாசம். செந்தில் ஐயா உச்சந்தலை முதல் பாதம் வரை தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நிற்கிறார்.

"தல விண்ணுவிண்ணுனு தெறிச்சுச்சுக்கா. சூடு. அதான்."

"ஏலே, அது சூடு இல்லடா. காத்து பத்தலன்னு ஒடம்பு சொல்லுது. பேசாமப் படு."

"எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டுப் பகல்ல தூங்கக் கூடாதுக்கா."

தூங்கக் கூடாதாம். அதற்காக ஊருக்கு மேலே இருக்கும் ஸ்தூபிக்குப் படியேறிப் போய்விட்டான். திரும்பி வரும்போது உதடு வெளிறிக் கிடந்தது. கேட்டால் குளிர் என்றான். இன்னும் இரண்டு நாள் அறையைவிட்டு நகர விடவில்லை. தலைவலி போயே போய்விட்டது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் கிளம்பினோம். என் பையிலிருந்த வலி மாத்திரைகளை ஒளித்து ஒளித்து விழுங்கியிருக்கிறான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

காலை ஆறு மணிக்கு மிதிக்கத் தொடங்கினோம். பின்னால் ஜீப்பில் ஓட்டுநர் நோர்பு வந்தார். இருபத்து நான்காவது கிலோமீட்டரில் தெற்கு புல்லு சோதனைச் சாவடி, பதினைந்தாயிரம் அடி. அங்கே செந்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு வாந்தி எடுத்தான். தலைக்கவசத்தைக் கழற்றப் பார்த்தான், விரல்கள் கேட்கவில்லை. ரோட்டின் வெள்ளைக் கோட்டில் நடந்து காட்டச் சொன்னேன். நாலு அடி வைத்து, குடித்தவன் போலச் சரிந்தான்.

கீழே இறங்குங்கள், இப்போதே என்று இந்தியில் சொன்னார் நோர்பு.

"இன்னும் பதினாறு கிலோமீட்டர்தானக்கா. நீ போ. நான் ஜீப்புல செத்த நேரம் படுத்திருக்கேன்" என்றான். நாக்கு குழறியது.

எனக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். மேலே சாலை வளைந்து வளைந்து தெளிவாகத் தெரிந்தது. ஆனால் இது படுத்தால் சரியாகும் நோய் இல்லை. இறங்காவிட்டால் மூளையில் நீர் கோத்து ஆளையே கொண்டுபோய்விடும். சைக்கிள்களை ஜீப்பில் ஏற்றச் சொன்னேன். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். பதில் பேசாமல் என் தோளில் சாய்ந்து கிடந்தான். அது பயமாக இருந்ததால் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

லே மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம் கண்ணைத் திறந்து, ரசம் கிடைக்குமா என்று கேட்டான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

திண்டுக்கல்லில் இறங்கியதும் வெக்கை முகத்தில் அறைந்தது. இந்த ஊர்க் காற்றைப் புழுதி, புகை என்று எத்தனையோ குறை சொல்லியிருக்கிறேன். இப்போது நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன். மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனால், கடை வாசலில் செந்தில் ஒரு பூ வியாபாரியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்:

"அக்காவுக்கு மேல மூச்சு வாங்கிருச்சுண்ணே. அப்புடியே விட்டுட்டுப் போக முடியுமா? நாந்தான் கீழ கூட்டியாந்தேன்."

வாயைத் திறந்தேன். அதற்குள் மல்லிகை மூட்டையைத் தோளில் தூக்கி, விலையைக் கூவிக்கொண்டே கடைக்குள் நடந்தான். மூச்சு வாங்கவில்லை. நேராகத்தான் நடந்தான். வாயை மூடிக்கொண்டேன்.