மழைக்காலத்துக்கு ஒரு பாகம்

கம்ப்யூட்டரின் வெறும் கூடுதான் முதலில் வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லாத கறுப்பு கேபினெட். என் வீட்டுக்காரர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, ஏர்கூலர் என்று நினைத்து விலை கேட்டார்.

அவர் ரிக் வண்டியில் போகிறவர். ஆழ்துளைக் கிணறு போட மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வருஷத்தில் பத்து மாதம் வெளியே கிடப்பார். அங்கே மழை பிடித்து வேலை நின்றால்தான் வீடு. ரிக்குக்குப் போகும் முன் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தவர். கல்யாணமான மூன்றாம் வருஷம், நான் கேட்காமலேயே அந்த வாக்கைக் கொடுத்தார். "நானே பாகமெல்லாம் வாங்கி ஒரு கம்ப்யூட்டரு பூட்டிப் போடறேன் புள்ள. வர்றவங்களுக்கு ஆன்லைன் வேல செஞ்சு குடுத்தே பொழச்சுக்கலாம். அது ஓட ஆரம்பிச்ச அன்னைக்கே ரிக்க உட்டுட்டு ஊட்டோட இருந்துக்கறேன்."

மொத்தமாக வாங்கிவிடலாமே என்றேன். "ஊடு கட்டறாப்பல ஒண்ணொண்ணாத்தான் சேர்க்கோணும்" என்றார். எங்கள் பக்கம் வீடு அப்படித்தான் எழும்பும். ஒரு வருஷம் கடைக்கால், மறு வருஷம் சுவர். கடைக்கால் எத்தனை மழையில் நனைந்தாலும் அதன்மேல் சுவர் நிற்கும். கம்ப்யூட்டருக்கு அந்தப் பொறுமை கிடையாது என்று எனக்குத் தெரியாது. அடுத்த மழைக்குப் பிராசசர் வந்தது. அதற்கடுத்த மழைக்கு ராம். இரண்டையும் பீரோவில் என் கல்யாணப் பட்டுக்குள் சுற்றி வைத்தேன். சிரிக்காதீர்கள். என் வீட்டுக்காரரே தவணை முறையில் வீடு வந்து சேருகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நான்காம் மழைக்கு மானிட்டர் முதலான மிச்சச் சாமானோடு மதர்போர்டு. அதுதான் கடைசிப் பாகம். கூடத்தில் வேட்டியை விரித்து உட்கார்ந்தார். பிராசசர் அதன் குழியில் உட்காரவே இல்லை. போர்டு அந்த வருஷத்து மாடல், பிராசசர் இரண்டு வருஷம் பழையது, இரண்டுக்கும் அளவே வேறு. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "சேரல புள்ள. அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றார். ஐந்தாம் நாள் ரிக் கிளம்பிவிட்டது.

மாற்றித் தருவார்களா என்ற நப்பாசையில் போர்டையும் பிராசசரையும் எடுத்துக்கொண்டு சேலத்தில் அவர் வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரர் பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணன்கிட்ட அப்பவே சொன்னனுங்க அக்கா. உங்க பிராசசருக்கு இது சேராதுங்க, பழைய மாடல் போர்டு ஒண்ணு இருக்குது, அத எடுத்துக்குங்கன்னு. பரவால்ல, இதயே குடுங்கன்னுட்டாருங்க."

பழைய மாடலையே மாற்றி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மகுடஞ்சாவடி தாண்டிய பிறகுதான் கோபம் வந்தது. அது சங்ககிரி வரைக்கும்கூட நிற்கவில்லை, பயமாக மாறிவிட்டது. மழைக்கு வீடு வரும் நாட்களில் அவர் நடமாடுவதை நினைத்துப் பார்த்தேன். தண்ணீர்கூடக் கேட்டு வாங்கித்தான் குடிப்பார். துண்டு எங்கே காய்கிறது என்று தெரியாமல் ஈரத் தலையோடு நிற்பார். பத்து மாதம் இருக்கும் இடம்தானே வீடு. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, ஆனால் அன்று முதல் இந்த வீட்டில் நான் தனியாள்தான் என்று தெரிந்துகொண்டேன்.

போனில் வீடியோ பார்த்து நானே மாட்டினேன். மூன்று நாள் பிடித்தது. மறு மழைக்கு அவர் வந்தபோது கூடத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. பையை இறக்காமல் நின்று பார்த்தார்.

"சேந்துருச்சா?"

"சேந்துருச்சுங்க."

எப்படி என்று அவர் கேட்கவில்லை. கடைக்காரர் சொன்னதை நானும் சொல்லவில்லை. மழை விட்டதும் ரிக் ஆபீசிலிருந்து போன் வந்தது. என் முகத்தைப் பார்க்காமல் "வாரேன் புள்ள" என்றார்.

இப்போது வெளிமாநிலம் போகும் வண்டிகளுக்கு நான் ஆன்லைனில் வரி கட்டிக் கொடுக்கிறேன். வேலையில் கெட்டிக்காரி என்று பெயர். போன வாரம் அவருடைய ரிக் கிளம்புவதற்கும் நான்தான் கட்டிக் கொடுத்தேன்.