கைப்பைக்குள் பதினோரு நாள்

ஐசியு வாசலில் உட்கார்ந்து தையல்காரம்மா பள்ளிச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். பதினோரு நாளாக அதே இரும்பு நாற்காலி. ஐசியுவில் வேலை பார்க்கும் நான் அவர் அழுது பார்க்கவில்லை. யாராவது கேட்டால், "அழுகை வரலைங்க, வந்தா அழமாட்டேனா?" என்பார்.

உள்ளே அவர் கணவர். லாரி டிரைவர், எழுபத்தாறு வயது, நிமோனியா. சளி குறைந்து நுரையீரல் தேறிவிட்டது. ஆனால் வென்டிலேட்டரை விட்டு வர முடியவில்லை. காலையில் மயக்க மருந்தையும் மெஷினின் உதவியையும் குறைத்து, அரை மணி நேரம் தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்ப்போம். இரண்டு தடவை பார்த்தாயிற்று. இரண்டு தடவையும் கண் விழித்ததுமே மிரண்டு கையை உதறினார். மூச்சு நிமிடத்துக்கு நாற்பதைத் தாண்டியது. மறுபடி பழைய நிலை.

டாக்டர் வெளியே வந்தார்.

"நாளைக்கு இன்னொரு தடவை பார்க்கிறோம்மா. முடியலைன்னா கழுத்துல துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டியதுதான்."

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "சரிங்க."

அன்று மாலை பார்வை நேரத்தில் எங்கள் நர்ஸ் அவரிடம் அலுத்துக்கொண்டாள்.

"சொன்னா கேக்கவே மாட்டேங்கிறார்மா. மெதுவா மூச்சு விடுங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன், முறைக்கிறார்."

"கத்தினா எப்படிக் கேக்கும்? நாப்பது வருஷம் இஞ்சின் பக்கத்துல உக்காந்த காது. காது மெஷின் மாட்டணும்."

"அது எங்கம்மா?"

கைப்பையைத் திறந்தார். பொத்தான் டப்பா ஒன்றைக் காலி செய்து, அதில் காது மெஷினைப் பஞ்சில் சுற்றி, பத்திரமாக வைத்திருந்தார். பக்கத்தில் மூக்குக் கண்ணாடி. சேர்த்த அன்று எமர்ஜென்சியில், தொலைந்தால் பொறுப்பில்லை என்று எங்கள் ஆட்கள்தான் இரண்டையும் கழற்றிக் கொடுத்தார்கள். தொலையவில்லை.

"இத்தனை நாளா சொல்லலையேம்மா!"

"நீங்க கேக்கலையேம்மா. மயக்கத்துல இருக்கிறவருக்கு எதுக்குன்னு நெனைச்சேன்."

சேர்க்கும் தாளில் மாத்திரைக்குக் கட்டம் இருந்தது, காதுக்கு இல்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். முகமூடி போட்ட யாரோ சத்தமில்லாமல் வாயசைத்தால் யாருக்கும்தான் மூச்சு வாங்கும்.

அவர் நாற்காலிக்குத் திரும்பினார். ஒரு பொத்தானைத் தவறிச் சட்டையின் உட்புறத்தில் தைத்துவிட்டுப் பிரித்தார்.

மறுநாள் காலை காது மெஷினுக்குப் புது பேட்டரி போட்டோம். கண்ணாடியைத் துடைத்து மாட்டினோம். தையல்காரம்மாவையும் உள்ளே கூப்பிட்டோம். கணவர் கண் விழித்ததும் அவருடைய வலது காதருகே குனிந்தார்.

"இங்க பாருங்க. ஆஸ்பத்திரி இது. வாயில குழாய் இருக்கு, பேச வராது. இறக்கத்துல வண்டியை விடற மாதிரி மூச்சை நிதானமா விடுங்க. ஓவர்டேக் எல்லாம் வேணாம்."

மூச்சு நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. இருபத்தெட்டு. இருபத்திரண்டு. அரை மணி நேரம் ஆனது. டாக்டர் இருமச் சொன்னார், இருமினார். கையைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தார். குழாயை எடுத்தோம்.

"கத்தாதே," என்றார் மனைவியிடம், கரகரத்த குரலில்.

தையல்காரம்மா வெளியே வந்து உட்கார்ந்து, பையில் உதிரியாகக் கிடந்த பொத்தான்களைப் பொறுக்கிக் காலி டப்பாவில் போட்டு மூடினார்.