தரையக்காவின் கூடாரம்

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கூடாரம் தைக்கும் பட்டறையில் அவளுக்குத் தரையக்கா என்று பெயர். அங்கே யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எதைத் தைக்கிறார்களோ அதுதான் பெயர். ஜன்னல் வலை வைப்பவர் வலையண்ணன். இவள் கூடாரத்தின் அடித்துணியைத் தைப்பவள். ஒன்பது வருஷமாக அதைத் தவிர வேறு துண்டைத் தொட்டதில்லை. தைத்த துண்டுகள் பக்கத்து அறையில் ஒன்றுசேரும். அந்த அறைக்குள் தையல்காரர்கள் கால் வைக்கக் கூடாது என்பது சூப்பர்வைசர் போட்ட சட்டம். ஒருமுறை எட்டிப் பார்த்ததற்கு, "உனக்கு எதுக்கு அதெல்லாம்? உன் தரையப் பாரு" என்று விரட்டிவிட்டார். அன்றைக்கு அவள் தையல் மெஷினை மிதித்த மிதியில் இரண்டு ஊசி ஒடிந்தது.

வீட்டில் நிலைமையே வேறு. கணவன் கப்பலில் சமையல்காரன், வருஷத்தில் பாதி நாள் கடலில். ஆறு வயது மகளுக்கு வாய் ஓயாது, அதனால் சில்வண்டு என்று பெயர். "எங்கம்மா டென்ட் செய்யிறவங்க" என்று அவள் வகுப்பெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தாள். "அப்ப நீ டென்ட்ல படுத்திருக்கியா?" என்று கேட்டாள் அவள் தோழி, ஒரு டாக்ஸிக்காரரின் மகள். சில்வண்டு இல்லையென்று தலையாட்டினாள். புளுகுமூட்டை என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அன்று ராத்திரி சில்வண்டு இதைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். தரையக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளையா புளுகுமூட்டை?

"சனிக்கிழமை ஏரிக்கரைக்குப் போறோம், டென்ட் போட்டுப் படுக்கிறோம். அந்தப் பொண்ணையும் வரச் சொல்லு. கண்ணால பாக்கட்டும்."

தையல் கோணி ரிஜெக்ட் ஆன கூடாரம் ஒன்றை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினாள்.

"எல்லாம் இருக்கா சார்?"

"எல்லாம் இருக்கும்மா, எடுத்துட்டுப் போ."

சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவும் மகளும் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, மகளைக் கூட்டிக்கொண்டு முன்னாடியே வந்துவிட்ட டாக்ஸிக்காரரின் கூடாரம் கவிழ்த்த கிண்ணம்போல ஏரிக்கரையில் நின்றிருந்தது. தரையக்கா பையை உதறினாள். துணி விழுந்தது. இன்னொரு தடவை உதறினாள். நாலு முளை விழுந்தது. அவ்வளவுதான்.

"நிமித்தும்மா."

"இரு, அவசரப்படாத."

முளை அடித்து இழுத்துக் கட்டினால் நிமிர்ந்துவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அடித்தாள், இழுத்தாள். கையால் தூக்கினால் எழுந்தது, விட்டால் படுத்துக்கொண்டது. டாக்ஸிக்காரரின் கூடாரத்தை அப்புறம்தான் உற்றுப் பார்த்தாள். துணியின் மேல் வளைந்து ஓடியது ஒரு கம்பி. பட்டறையில் கம்பியே கிடையாது. அதை வேறெங்கோ செய்து, வேறெங்கோ வைத்துத் துணியோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். பட்டறைக்காரர்களுக்கு டென்ட் என்றால் துணி மட்டும்தான். ஒன்பது வருஷமாக அவளுக்கும் அப்படித்தான்.

சூப்பர்வைசருக்கு போன் போட்டாள். "கம்பி எங்க சார்?"

"கம்பியா? நாம துணிதானேம்மா தைக்கிறோம். டென்ட் கேட்ட, குடுத்தேன்." பிறகு பக்கத்தில் யாரிடமோ, "டேய், கேட்டியா? நம்ம தரை கம்பி இல்லாம டென்ட் போடப் போயிருக்கு!" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். இவள் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

"நீதானேம்மா செஞ்ச? உனக்கே தெரியாதா?" என்றாள் சில்வண்டு. தோழி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அந்த நேரத்தில் தரையக்காவிடம் அந்த மட்டான புத்திகூட இல்லை.

"நான் தரை மட்டும்தான்டி தைக்கிறேன்! ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கச் சொல்லி உன்னை யாரு கேட்டா? போ, அவங்க டென்ட்லயே போய்ப் படு!"

கரையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். சில்வண்டு அழவில்லை. தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நேரே அந்தக் கூடாரத்துக்குப் போய்விட்டாள்.

தரையக்கா துணியின் மேல் உட்கார்ந்தாள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு டென்டை எங்கள் கண் முன்னால் நிறுத்திக் காட்டியிருந்தால் அந்த சூப்பர்வைசருக்கு என்ன குறைந்து போயிருக்கும்? அவரைத் திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்த பிறகும் கோபம் பாக்கி இருந்தது. அவரிடம் காட்ட வேண்டியதைக் குழந்தையிடம் காட்டிவிட்டோமே என்று தன் மேலேயே வந்த கோபம் அது. அதை யார்மேல் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் சில்வண்டு திரும்பி வந்தாள். கையில் ஒரு கயிறு.

"இது யாருதுடி?"

"டாக்ஸி மாமாவோடது."

"என்ன சொல்லி வாங்கின?"

"எங்கம்மா தரை மட்டும்தான் தைப்பாங்க, மிச்சத்துக்குக் கயிறு குடுங்கன்னு."

தரையக்கா கயிற்றை வாங்கினாள். கூடாரத்தின் உச்சியில் இருந்த வளையத்தில் அதைக் கோத்து, இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினாள். ஈரப் போர்வையைக் கொடியில் போட்ட மாதிரி தொங்கினாலும், நின்றது. சில்வண்டு உள்ளே நுழைந்தாள். நுழைந்த கையோடு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ஏய், நான் வெளியில இருக்கேன்டி."

"தெரியும். கத்தமாட்டேன்னு சொல்லு, திறக்கிறேன்."

"கத்தமாட்டேன்!" ஏரியில் இருந்த பறவைகள் எழும்பின.

"இப்பக்கூடக் கத்துற."

தரையக்கா மண்ணில் மண்டி போட்டு, துணிக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். "கத்தமாட்டேன்டி கண்ணு. உன்கிட்ட கத்தினது தப்பு."

ஜிப் ஒரு சாண் திறந்தது. "நாளைக்கும்?"

"நாளைக்கும்."

"எப்பவுமே?"

இதற்கு உடனே ஆமாம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிள்ளையிடம் பொய் சொல்லக் கூடாது.

"சூப்பர்வைசர்கிட்ட மட்டும் கத்திக்கிறேனே? திங்கட்கிழமை, என்னை உள்ள விடாத அந்த ரூமுக்குள்ளயே போய்."

பிறகு ஜிப் முழுசாகத் திறந்தது.

"அவர்கிட்ட நல்லா கத்தும்மா," என்றாள் சில்வண்டு.